'ஒன்றுமில்லை' என்னும் தீர்ப்பு

பேராக் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து, தென்னையும் செம்பனையும் அடர்ந்து கிடக்கிற பாகான் டத்தோ வட்டாரத்தில், நெஞ்சு படபடக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் கோடாரித் தைலம் வரும். பிறகு, 'காத்துதான், ஏப்பம் விட்டால் சரியாய்ப் போகும்' என்ற சமாதானம் வரும். அதற்கும் அடங்காமல் கையும் காலும் விலவிலத்துப்போய், மூச்சு முட்டி, முகம் வெளிறிவிட்டால், நள்ளிரவானாலும் காரில் ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குப் பறப்பார்கள். அங்கே மார்பில் கம்பிகளை ஒட்டி எடுத்த இசிஜி தாளைப் பார்த்துவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீடு திரும்பும் வழியிலேயே குடும்பத்தின் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான், சும்மா உட்கார்ந்து யோசிப்பதால் வருவது, வெயிலிலும் மழையிலும் உழைத்த நம் பாட்டன் பாட்டிக்கு இப்படியெல்லாம் இருந்ததா, தைரியமாக இரு.

இந்த அபிப்பிராயத்தைக் கொண்டிருப்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு காரோட்டியவர்களும், காலைப் பிடித்துவிட்டபடி கூட உட்கார்ந்திருந்தவர்களுமே இதைச் சொல்கிறார்கள் என்பதால்தான் இதை மறுப்பது சிரமமாக இருக்கிறது. மறுக்க வேண்டியது அவசியமாகவும் இருக்கிறது. பயமும் படபடப்பும் கூடவே குடியிருக்கும் சரீரத்தோடு நெடுங்காலம் வாழ்ந்துவருகிறவன் என்ற உரிமையில் நான் சொல்லுகிறேன்: இந்தத் தீர்ப்பு உண்மைக்கு மாறானது, சொல்பவர் எண்ணுவதுபோல் நோயாளிக்கு ஆறுதல் தருவதும் அன்று, நம்முடைய சொந்தச் சரித்திரத்துக்கே அநியாயம் செய்வது.

உண்மைக்கு மாறானது என்று ஏன் சொல்லுகிறேன்? நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை அடிக்க வேண்டிய இருதயம் நூற்றிருபது முறை அடிக்கும்போது, அந்த நூற்றிருபது அடியும் பிரத்தியட்சமான அடிதான். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கிற எவரும் எண்ணிவிடலாம். அபாயம் என்று மூளை ஒரு கணம் கருதிவிட்டால், சிறுநீரகங்களின் தலைமேல் அமர்ந்திருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. அதைப் பெற்ற இருதயம் வேகங்கொள்கிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ ஆயத்தமாகத் தசைகள் முறுக்கேறுகின்றன. மூச்சு ஆழம் குறைந்து விரைகிறது. அப்படி விரைந்த மூச்சு இரத்தத்திலுள்ள கரியமில வாயுவை அளவுக்கு மேல் வெளியேற்றிவிடுவதால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துக் குறுகுறுக்க, தலை சுற்றுகிறது. இவற்றில் எதையும் நோயாளி கற்பனை செய்யவில்லை. புலியைக் கண்டவனுடைய சரீரத்தில் நடப்பது எதுவோ, அதுவே புலியில்லாத அறையில் நாற்காலியில் அமர்ந்திருப்பவனுடைய சரீரத்திலும் நடக்கிறது. புலி இல்லை என்பது மெய். அந்த மெய்யிலிருந்து சரீரத்தில் எதுவுமே நடக்கவில்லை என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை.

இந்தப் பிழைக்கு இன்னொரு முகமும் உண்டு; அது முன்னதைவிட ஆபத்தானது. 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லி மூடிவைக்கப்பட்ட படபடப்புகளில் சில மனத்தைச் சேர்ந்தவையே அல்ல. தைராய்டு சுரப்பி மிகையாய் வேலை செய்தாலும் இருதயம் ஓடும், கை நடுங்கும், உறக்கம் கெடும். மாதாந்தர உதிரப் போக்கினால் இரத்தம் குன்றிய பெண்ணுக்கு மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு வேளைக்குச் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வருகிற வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் பயத்தின் அறிகுறிகளோடு அச்சாக ஒத்திருக்கும். நீரிழிவு புகாத தமிழ் வீடு நம் பக்கத்தில் அபூர்வம் என்பதால் இதை விசேஷமாக நினைவில் வைக்க வேண்டும். இவையன்றி, இருதயத்தின் மின்னோட்டப் பாதையிலேயே ஒரு குறுக்குவழி அமைந்துவிட்டதனால், சுவிட்சைத் தட்டினாற்போல் திடீரென்று தொடங்கி, நிமிடத்துக்கு 150, 180, 200 என்று ஓடி, தொடங்கியது போலவே திடீரென்று நின்றுவிடுகிற ஒருவகைத் துடிப்பு நோயும் இருக்கிறது. துடிப்பு நின்ற பிறகு எடுக்கிற இசிஜியில் அநேகருக்கு அதன் சுவடே தெரியாது. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்த வகை நோயாளர் 107 பேரைப் பரிசீலித்தபோது, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரின் அறிகுறிகள் பீதி நோய்க்கு வகுத்த இலக்கணத்துக்கும் அப்படியே பொருந்தின. பாதிக்கு மேற்பட்டோரின் நோய் முதற் பரிசோதனையில் பிடிபடவே இல்லை. மனக்கலக்கம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பெண்களே அதிகம். கோலாலம்பூரில் 1992 முதல் தேசிய இருதயக் கழகம் இயங்கிவருகிற நாட்டில், குழாய் செலுத்திக் குறுக்குவழியைச் சுட்டடைத்துக் குணமாக்கக்கூடிய ஒரு நோயை 'அவளுக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம்' என்ற ஒரு வாக்கியத்துக்குள் புதைத்துவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஆகவே 'ஒன்றுமில்லை' என்கிற தீர்ப்பு இருபுறமும் தவறுகிறது: இருதய நோய் உள்ளவனுக்கும் அது நீதி செய்யவில்லை, பய நோய் உள்ளவனுக்கும் நீதி செய்யவில்லை.

இனி, பாட்டன் பாட்டிக்கு வருவோம். இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் நினைவு வரும். அந்தப் போரிலே காயம் ஏதுமின்றி நெஞ்சுத் துடிப்பும் மார்வலியும் களைப்புமாக விழுந்த சிப்பாய்களைப் பிலடெல்பியா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனித்த ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற வைத்தியர், முந்நூறு பேர் வரையிலானோரின் விவரங்களைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, 1871இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். முதல் உலகப் போரில் அதே வியாதி 'சிப்பாயின் இருதயம்' என்ற பெயரோடு மீண்டும் தலைகாட்டியது. இங்கிலாந்தின் தாமஸ் லூயிஸ் அதற்கெனத் தனி ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடத்தினார். 1941இல் பால் வுட் என்ற இருதய நிபுணர், இது இருதயத்தின் கோளாறு அன்று, பயத்தின் வடிவம் என்று விரிவாக எடுத்துக்காட்டினார். அந்தச் சிப்பாய்கள் வேலையில்லாமல் உட்கார்ந்து யோசித்தவர்கள் அல்லர். பீரங்கியின் முன்னே நின்றவர்கள். கஷ்டப்பட்டு உழைப்பவனுக்கு இந்த நோய் வராது என்ற வாதம் அங்கேயே முறிந்துபோகிறது.

பால் வுட் எழுதிய ஓரிரு ஆண்டுகளிலேதான் நம்முடைய ஆட்களைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் தென்னந்தோட்டங்களிலிருந்தும் ஜப்பானியர் கொண்டுசென்ற பல்லாயிரம் தமிழர்கள், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதையை 1943 அக்டோபருக்குள் முடிப்பதற்காகக் காட்டிலே காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் இரையானார்கள். எஞ்சியவர்கள் திரும்பிவந்து மறுபடியும் பால் வாளியையும் தேங்காய் உரிக்கும் கம்பியையும் கையில் எடுத்தார்கள். இரவில் அவர்களுடைய நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று எந்த வைத்தியர் உட்கார்ந்து கேட்டார்? லாரி ஏறிப்போன கணவனுக்காக லயத்து வாசலில் காத்திருந்தவளின் நாடியை யார் பிடித்துப் பார்த்தார்கள்? தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் காய்ச்சலுக்குக் கொய்னா இருந்தது, வெட்டுக்காயத்துக்கு மருந்து இருந்தது. பயத்துக்கு ஏதும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அதைச் சொல்லிக் கேட்கும் துணிவு கிராணிக்கும் மண்டோருக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு இருந்திராது. அமெரிக்கச் சிப்பாய்க்கு ஒரு டா கோஸ்டா வாய்த்தார்; நமக்கு எவரும் வாய்க்கவில்லை. எழுதிவைக்க ஆளில்லாத நோயை இல்லாத நோய் என்று பேரப் பிள்ளைகளாகிய நாம் இன்றைக்குச் சாட்சி சொல்லுவது நன்றி மறந்த செயல்.

அவர்கள் எதையும் செய்துகொள்ளாமலும் இல்லை. தோட்டந்தோறும் இருந்த கள்ளுக்கடையில் பொழுது சாய்ந்ததும் கூடியவர்கள் அனைவரும் சுகத்துக்காக மட்டுமே குடித்தவர்கள் என்று எண்ணுவது பேதைமை. மதுவுக்கு ஒரு நாழிகை நேரம் பயத்தை மழுங்கடிக்கும் குணம் உண்டு. அதன் போதை இறங்குகிற விடியற்காலையில் இருதயத்தை இருமடங்காக அடிக்கவைக்கும் குணமும் உண்டு. அந்தப் படபடப்பை அடக்க மறுநாள் மாலை மீண்டும் குடிக்க வேண்டும். அம்மன் கோயிலில் அருள் வந்து ஆடிய பெண்களையும், 'காத்து சேட்டை' என்று சொல்லி மந்திரிக்க அழைத்துப்போன புதுப்பெண்களையும், தாயத்துக் கட்டி வேப்பிலை அடித்துத் திருநீறு போட்ட குழந்தைகளையும் எண்ணிப் பார்த்தால், அந்தத் தலைமுறையில் பயம் எத்தனை வேஷங்களில் நடமாடிற்று என்பது விளங்கும். கோயிலையும் திருநீற்றையும் நான் இழித்துப் பேசவில்லை. தன்னை மீறிய ஒன்றைப் பற்றிக்கொண்டு பலருக்கு மூச்சு திரும்பியிருக்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நோய் இருந்தது, வேறு பெயரில் இருந்தது என்பதே என் வாதம்.

இந்தக் காலத்தில்தான் இது பெருகிவிட்டது என்பார்கள். மலேசிய சுகாதார அமைச்சின் தேசியக் கணக்கெடுப்பு 1996இல் வயது வந்தோரில் 10.7 விழுக்காட்டினருக்கு மனநலத் தொல்லை இருப்பதாகக் கண்டது. 2015இல் அது 29.2 விழுக்காடு. இதைக் காட்டி, பார்த்தீர்களா, தலைமுறை மெலிந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அவ்விரு கணக்குகளுக்கு இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் பார்க்க மறுக்கிறார்கள். தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டு, மூன்று தலைமுறையாக ஒரே கிணற்றடியில் தண்ணீர் மொண்டவர்கள் பட்டணத்து அடுக்குமாடியிலும் தொழிற்சாலையின் இரவு ஷிப்டிலும் ஆளுக்கொரு திசையாகச் சிதறிய காலம் அது. கூலி அற்பமானாலும் தலைக்குமேல் கூரையும், தட்டினால் திறக்கும் அடுத்த வீட்டுக் கதவும் இருந்த வாழ்விலிருந்து, கார்த் தவணையும் வாடகையும் மாதந்தோறும் கழுத்தை நெரிக்கிற வாழ்வுக்கு வந்தவனுடைய நெஞ்சு அடித்துக்கொண்டால், அதைச் சுபாவத்தின் மெலிவு என்று சொல்லுவது நியாயமா?

தைரியமாக இரு என்ற உபதேசத்துக்குப் பாரதியாரைத் துணைக்கு அழைப்பவர்களும் இருக்கிறார்கள். அச்சத்தைத் துரத்தி அந்தக் கவிஞர் பாடியது, அந்நிய ஆட்சியின் முன்னே கூனி நின்ற ஒரு தேசத்தை நிமிர்த்துவதற்காக. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நாடியை எண்ணிக்கொண்டிருக்கும் நோயாளியை வெட்கப்படுத்துவதற்காக அன்று. அச்சத்தைப் பற்றி நம் முன்னோர் சொன்ன வேறு பேச்சும் உண்டு. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகையோடும் அழுகையோடும் பெருமிதத்தோடும் அச்சத்தையும் சரியாசனத்தில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று காரணமும் காட்டினார். அஞ்சுகிறவன் இழிந்தவன் என்று சொல்லவில்லை. வள்ளுவரோ அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதைத்தான் பேதைமை என்றார்.

அந்த உபதேசம் பிரயோசனமற்றது என்பதோடு நிற்கவில்லை, தீங்கும் செய்கிறது. படபடப்பு வருகிறது, ஐயோ, இது மாரடைப்போ என்று மனம் திடுக்கிடுகிறது, அந்தத் திடுக்கீடே இன்னொரு வீச்சு அட்ரினலினை வரவழைக்கிறது, இருதயம் மேலும் ஓடுகிறது, அதைக் கண்டு மனம் மேலும் அஞ்சுகிறது. இவ்வாறு தன் வாலையே கடித்துச் சுழலும் பாம்பைப்போன்ற இந்தச் சக்கரத்துக்குள் சிக்கியவனிடம் போய், பயப்படாதே, மனத்தை அடக்கு என்று சொன்னால், பயத்தோடு கூட, பயந்துவிட்டோமே என்ற வெட்கமும் அடக்க முடியவில்லையே என்ற பரபரப்பும் சேர்ந்து சக்கரம் வேகமாகச் சுழலும். இதைத் தன் சொந்தச் சரீரத்தில் கற்றவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிளேர் வீக்ஸ். சிட்னியில் இளம் விஞ்ஞானியாக இருந்த காலத்தில் காசநோய் என்று தவறாகச் சந்தேகித்து அவரை ஓய்வு விடுதியில் கிடத்திவிட்டார்கள். வெளியே வந்தபோது ஓயாத நெஞ்சுத் துடிப்புத்தான் மிஞ்சியது. முதல் உலகப் போருக்குப் போய்வந்த ஒரு நண்பர், போர்முனையில் நாங்கள் எல்லோரும் இப்படித்தான் இருந்தோம், நீ பயத்துக்குப் பயப்படுகிறாய் என்று விளக்கிச் சொன்னதிலிருந்து அவருக்கு விடிந்தது. பின்னால் வைத்தியம் படித்து டாக்டராகி, 1962இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இதுதான்: எதிர்கொள், ஏற்றுக்கொள், அதனோடு மிதந்து செல், காலம் கடக்கட்டும். 'சண்டை போடாதே' என்பது 'தைரியமாக இரு' என்பதற்கு நேர் எதிரான உபதேசம். மருந்தும் மனப்பயிற்சியும் பெருகிவிட்ட இன்றைக்கும் அதன் உட்பொருள் செலவாணியில்தான் இருக்கிறது.

நான் வாழும் முறையும் இதுவே. கலியாண மண்டபத்தில் வாசலோரம் நாற்காலி தேடியதும், பாங்கு வரிசையில் என் முறை வருமுன் நழுவி வெளியேறியதும், முடி திருத்தும் கடையில் துணியைக் கழுத்தில் கட்டியவுடன் மூச்சு முட்டியதும் எனக்குப் பழக்கமானவை. தவிர்க்கத் தவிர்க்க உலகம் சுருங்கிற்று. ஹூத்தான் மெலிந்தாங்குக்குத் தனியே காரோட்டிப் போகிறது கூட ஒரு காலத்தில் என்னால் ஆகாமல் போயிற்று. மறுபடியும் அந்தச் சாலையில் போகத் தொடங்கியபோது படபடப்பும் உடன் வந்தது. இரு மருங்கும் செம்பனை ஓடிக்கொண்டிருக்க, நெஞ்சு அடிக்கட்டும் என்று விட்டு, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கிக்கொண்டு, வண்டியைத் திருப்பாமல் போனேன். உச்சத்துக்கு ஏறிய துடிப்பு பத்து நிமிடத்துக்குள் தானே இறங்கத் தொடங்கியது. அதன் சுபாவம் அது. இன்றைக்கும் முற்றாகப் போய்விடவில்லை. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வர, அடுத்து ஒரு வெற்றிடம் விழுந்து, பிறகு பலமாக ஒன்று மோதுகிற அந்த உணர்ச்சி மாலைப் பொழுதில் அடிக்கடி வருகிறது. ஆரோக்கியமானவர்களுடைய இருதயத்திலும் இப்படி நேர்வதுண்டு என்பதை 24 மணி நேரம் மார்பில் அணியும் ஹோல்ட்டர் கருவி காட்டிவிட்டது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று கையிலுள்ள காரியத்தைச் செய்கிறேன்.

டாக்டரிடம் போகச் சொன்னால், 'என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறாயா' என்று கேட்பவர்கள் நம்மில் இன்றும் உண்டு. 1911இல் திறக்கப்பட்ட அந்த மனநோய் ஆஸ்பத்திரியின் ஊர்ப்பெயரையே வசைச் சொல்லாக்கிவிட்ட சமூகம் நாம். பேராக்கிலே பிறந்த எந்தக் குழந்தையும் பள்ளி வயதுக்குள் அந்த வசையைக் கற்றுக்கொள்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாக எத்தனையோ பேருடைய சித்தத்தைத் தெளிவித்து வீட்டுக்கு அனுப்பிய ஓர் ஆரோக்கிய சாலையை இப்படிப் பேசிப் பேசியே, உதவி வேண்டியவன் வாசலை மிதிக்காதபடி செய்துவிட்டோம். பய நோய்க்கு மாத்திரை எடுப்பவன் பைத்தியக்காரன் அல்லன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவனை நாம் அப்படிச் சொல்கிறோமா? அந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு மூன்று வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் சில நாள் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. இதை யாரும் சொல்லாததால் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். நினைப்பின் போக்கையும் தவிர்க்கும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சை பலருக்கு மாத்திரைக்கு நிகராகப் பலன் தருகிறது. எதற்கும் தஞ்சோங் ரம்புத்தான் வரை போக வேண்டியதுமில்லை. உள்ளூர் சுகாதார கிளினிக்கிலேயே தொடங்கலாம், அங்கிருந்து தேவைப்பட்டால் பொது ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவார்கள்.

ஆகையால், படபடப்பு வந்தவரிடமும் அவரைச் சேர்ந்தவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இது. அது வந்த தேதியையும் வேளையையும், திடீரென்று தொடங்கியதா மெல்ல ஏறியதா என்பதையும், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதையும், அதற்குமுன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை விழுங்கினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மயக்கம் போட்டு விழுந்தாலோ, நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் மார்வலி வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென்று இறந்திருந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்கள் அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டி, இசிஜி எடுக்கும்படியும், இரத்தத்தில் தைராய்டும் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்க்கும்படியும் கேளுங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால், அத்தோடு எழுந்து வந்துவிடாமல், அப்படியானால் என் பயத்துக்குச் சிகிச்சை என்ன என்று கேளுங்கள். அழைத்துப்போனவரும் அந்தக் கேள்வி முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அரசாங்க சுகாதார கிளினிக்கில் மலேசியக் குடிமகனுக்கு அதற்கான கட்டணம் ஒரு ரிங்கிட்.